பானை வைக்காத அடுப்பு

எங்கள் காலனிக்குத் தெருவிளக்கு கேட்டு, பஞ்சாயத்து வளர்ச்சி நிதிக்கு மனுப் போட்டது நான் ஒருவன்தான். வேறு யார் போடுவார்கள்? சிலோனிலிருந்து திரும்பி வந்த தோட்டத் தொழிலாளர்களுக்கென்று மலைமேல் அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஒரே வரிசை வீடுகள். பிள்ளைகள் திருப்பூருக்கு வேலைக்குப் போனார்கள், பின்னாலேயே பெற்றவர்களும் போனார்கள். போகும்போது ஒவ்வொருவரும் சாவியை என்னிடம் கொடுத்து, "அடிக்கடி தொறந்து காத்துப்பட வைங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் மனைவியும் இறந்தபிறகு அந்த வரிசையில் நான் மட்டும்தான்.

திருப்பூரிலிருந்து மகன் போனில் கெடு வைத்திருந்தான். "யானை வர்ற பாதை. இருட்டுல நீங்க தனியா கெடக்கறத நெனச்சா எனக்குத் தூக்கமே வர்றதில்லப்பா. லைட்டு வந்தா இருங்க. இல்லேன்னா மழைக்கு முன்னால கெளம்பி வந்துருங்க." அவன் சொன்னதில் தப்பில்லை. எனக்குத்தான் போக மனமில்லை.

மனுவை வாங்கிய குமாஸ்தா, "ஆள் குடியிருக்கற வீடுங்களுக்குத்தானுங்க நிதி. ஓவர்சியர் மேடம் நேர்ல வந்து பார்ப்பாங்க" என்றார். ஆணியில் தொங்கிய சாவிகளின் ஞாபகம் அப்போதுதான் வந்தது.

தேயிலை ஃபேக்டரியில் தூள் காயவைக்கும் டிரையர் அடுப்புக்கு விறகு தள்ளியே முடி நரைத்தவன் நான். நெருப்பு மூட்ட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மேடம் வருகிற அன்று காலையில் வீடு வீடாகத் திறந்து, கற்பூர மரத்து விறகை வைத்து அடுப்பு மூட்டினேன். வாசலில் வந்து நின்று பார்த்தால் எல்லா ஓட்டின் மேலும் புகை. வேலைக்கு நேரமாச்சு என்று யாராவது கத்துவார்கள் போலிருந்தது. ஏமாற்றக் கிளம்பியவன் நானே ஏமாந்து, வெகுநாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தேன்.

மேடத்துக்குச் சின்ன வயது. மூச்சு வாங்க ஏறி வந்து, புகையைப் பார்த்துத் தலையாட்டினார். எல்லாரும் கொழுந்து எடுக்கப் போயிருக்கிறார்கள் என்று அளந்துவிட்டேன். எழுதிக்கொண்டே நடந்தவர், ஒரு வீட்டுக் கதவை லேசாகத் தள்ளினார்.

"ஏனுங்கய்யா, அடுப்பு எரியுது, மேல பானையக் காணோமுங்களே?"

டிரையர் அடுப்புக்கு ஏது பானை? வீட்டு அடுப்பை என் மனைவிதான் கடைசிவரை பார்த்தாள்.

அவர் அடுத்த கதவைத் தள்ளவில்லை. கோபப்படவும் இல்லை. "இங்க நீங்க ஒருத்தர்தானுங்களா?"

"ஆமாங்க."

"ஒரு வீட்டுக்குன்னா நிதி வராதுங்கய்யா. நான் பொய் எழுத முடியாதுங்க."

கீழே அவர் தலை மறையும்வரை நின்றுவிட்டு, வீடு வீடாகத் தண்ணீர் தெளித்து அடுப்பை அணைத்தேன். மூட்டும்போது தெரியாத தனிமை அணைக்கும்போது தெரிந்தது. போனவர்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. சாயங்காலம் மகனைக் கூப்பிட்டு, "வர்றேம்பா" என்றேன்.

சாவிகளை அவரவரிடம் சேர்த்துவிடலாம், எல்லாரும் திருப்பூரில்தானே இருக்கிறார்கள் என்று பையில் போட்டுக்கொண்டேன். கிளம்பும் நாளில் பெட்டியை வெளியே வைத்து, என் வீட்டைப் பூட்டினேன். சாவியோடு பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டேன். அடிக்கடி திறந்து காத்துப்பட வைக்கச் சொல்ல வாய்வரை வந்துவிட்டது.

சாவியை வாங்கத்தான் ஆள் இல்லை.