ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அனுமதி

சின்னப்பராஜ் என்னைக் குரூப்பிலிருந்து தூக்கி மூணு வருஷம் ஆகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரகடம் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். கடை போட்டோவும் போன் நம்பரும் ரெண்டு தடவை போட்டேன், அவ்வளவுதான் குற்றம். ஆறு மாசம் கழித்துத்தான் திரும்பச் சேர்த்தான். அது ரத்தம் கொடுக்கிறவர்களுக்கென்று அவன் நடத்தும் வாட்ஸ்அப் குரூப். அறுநூறு பேர், பெரும்பாலும் இந்த ரோட்டுக் கம்பெனி ஆட்கள்.

அவன் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். ஷிஃப்ட் விட்டதும் என் கடைக்கு வந்து பழைய டயர் மேல் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பேன் பார்க்கிற மாதிரி போனைப் பார்ப்பான். மனை, லோன், உடம்பு இளைக்கிற பவுடர் என்று எது கண்ணில் பட்டாலும் அழிப்பான். போட்டவனுக்கு உடனே போன்: "அண்ணே, மொத தபா சொல்றேன். இங்க யாவாரம் வோணாம்." ரெண்டாம் தடவை பேச்சே கிடையாது, ஆள் வெளியே. மனை விற்கிற சொந்த மச்சானையே தூக்கினான். பெண்டாட்டி கிளாரா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"இன்னாடா நட்டம் உனக்கு? புடிக்காதவன் தள்ளிட்டுப் போறான்" என்றேன் ஒருநாள்.

"தள்ளியே பழகிட்டா, ரத்தம் கேக்கறதையும் தள்ளிடுவாங்கண்ணே."

போன தை மாசம் கம்பெனிகளில் ஆள் குறைத்தார்கள். வேலை போனவர்களில் ஒருத்தன் இட்லி மாவு விற்றான், ஒருத்தன் செகண்ட் ஹாண்ட் பைக். "ஞாயித்துக்கிழமை மட்டுமாவது விடுடா, எங்க போய் விப்பானுங்க?" என்று குரூப்பில் முதலில் எழுதியவன் நான்தான். நாலு நாள் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டான்.

முதல் ஞாயிறு அவன் சர்ச்சில் பூசை முடிந்து வருவதற்குள் நூற்று நாற்பது விளம்பரம். தொல்லை தாங்காமல் ஆளாளுக்கு குரூப் சத்தத்தை அணைத்தார்கள். எட்டு மணி நேரமா, ஒரு வாரமா, எப்போதுமா என்று போன் கேட்கும். கை போன போக்கில் 'எப்போதும்' என்று அழுத்தினேன். முக்கால்வாசிப் பேர் அதைத்தான் அழுத்தியிருந்தார்கள், மீதிப் பேர் ஒரு வாரம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சுங்குவார்சத்திரத்தில் மகாராஜா என்கிற தென்காசிப் பையன் மேல் லாரி ஏறியது. ஓ நெகட்டிவ் ரத்தம். குரூப்பில் அந்த ரத்தம் உள்ளவர்கள் பத்தொன்பது பேர். சின்னப்பராஜ் மூன்று முறை போட்டான். ஒரு போனும் சத்தம் போடவில்லை. பிறகு ஒவ்வொருத்தராகக் கூப்பிட ஆரம்பித்தான். அந்தப் பத்தொன்பதில் நானும் ஒருத்தன். அவன் கூப்பிட்டபோது கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது, காதில் விழவில்லை. முதல் ஆள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

அவன் யாரையும் திட்டவில்லை. என்னையாவது திட்டியிருக்கலாம்.

சனிக்கிழமை கடை வாசலில் வந்து நின்றான். "அந்தப் பொண்ணு ரூமைக் காலி பண்ணுதாம். கூட வாண்ணே. தனியா போவ முடில."

மகாராஜாவின் மனைவி இசக்கிசெல்வி பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள். எங்களை நிமிர்ந்து பார்த்தாள்.

"அறுநூறு பேரு இருக்கியன்னு சொன்னாவளே. ஒருத்தர் கூடவாண்ணே பாக்கல?"

 சின்னப்பராஜின் சட்டைப் பையில் போன் சத்தம் போட்டது. எடுத்தான். பார்க்கவில்லை, அப்படியே என் கையில் வைத்து அழுத்தினான்.

"வெளிய நில்லுண்ணே. ரத்தம்னா என்னக் கூப்புடு. வேற எதுவா இருந்தாலும் நீயே அழிச்சுடு."