கோயில் கொடியின் கம்பு

கல்யாணமாகிப் பாறசாலைக்குப் பக்கத்தில் அந்த வீட்டுக்கு நான் வந்த வருடம், எங்கள் ஊர்களைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லும் போராட்டம் சூடு பிடித்திருந்தது. வீட்டில் மூன்றே பேர்: என் கணவர், அவருடைய அம்மாவான மாமி, நான். ஊரே ஊர்வலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, மாமிக்குப் பயற்றங்காய்தான் கவலை. சாலையோர வேலியை ஒட்டி வரிசையாக விதை ஊன்றி, ஒவ்வொரு கொடிக்கும் ஒரு மூங்கில் கம்பு நட்டிருந்தாள்.

வாசலுக்கு நேராக நின்ற கொடி கோயிலுக்கு. எங்கள் சபையார் சில வீடுகளில் அது வழக்கம். ஒரு கொடியைக் கர்த்தருக்கென்று ஒதுக்கிவிடுவார்கள். அதில் முதலில் காய்ப்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஆண்பிள்ளை கொண்டுபோய்ப் போதகரின் மேசையில் வைக்க வேண்டும். அதுவரை அதில் யாரும் கை வைக்கக் கூடாது. இருப்பதிலேயே நேரான, கனமான கம்பும் அந்தக் கொடிக்குத்தான்.

ஊர்வலத்துக்குப் போன காலையில் என் கணவர் அந்தக் கம்பைத்தான் உருவிக்கொண்டு போனார். போராட்டக் கொடியைக் கட்டிப் பிடிக்க நல்ல கம்பு வேண்டுமாம். என்னைக் கேட்டிருந்தால் முருங்கைக் கொம்பை ஒடித்துக் கொடுத்திருப்பேன். ஆனால் அந்த வீட்டில் யார் என்னைக் கேட்டார்கள்?

அன்று போலீஸ் கண் மண் தெரியாமல் அடித்தது. அவர் வீடு திரும்பவில்லை. சில நாள் கழித்து ஒரு மாலை, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாக வந்தார். துண்டில் ரத்தம் காய்ந்திருந்தது. நின்றபடியே கஞ்சியைக் குடித்தார்.

"என்னைத் தேடாண்டாம். எங்க இருக்கேன்னு கேக்கவும் வேண்டாம்," என்றார். "கோயில் கொடியில காய் தொங்குதுன்னு ரோட்டுல போற வாற ஆள் வழியா நான் அறிஞ்சுக்கிடுவேன். அந்த ஞாயித்துக்கிழமை வாறேன். அம்மைக்க நேர்ச்சை முடங்கப்பிடாது."

அந்த ஆள் யார் என்று சொல்லாமலே போய்விட்டார்.

கம்பில்லாத கொடி தரையில் கிடந்தது. அதைப் பிடுங்கி எருக்குழியில் போட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கோயிலுக்கு விட்டதைப் பிடுங்கவா? உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?" வேறு கம்பு நடவும் அவள் விடவில்லை. மகன் கொண்டுபோன கம்பை மகனே கொண்டுவந்து நடட்டும் என்றாள்.

அப்படித்தான் அது, அவரைத் தேடி வந்த ஒரு போலீஸ்காரரின் கண்ணில் பட்டது. வீட்டுக்குள் தேடி முடித்து வெளியே வந்தவர், அந்தக் கொடியைத் தடியின் நுனியால் தூக்கினார். கம்பைச் சுற்றிய சுற்று அப்படியே இருந்தது. உள்ளே கம்புதான் இல்லை.

"இதுக்க கம்பு எங்கம்மா?" என்றார் மாமியிடம்.

மாமிக்குப் பொய் வராது. தடியிலிருந்து கொடியை எடுத்துத் தரையில் கிடத்தினாள். அவர் வரிசையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், பிறகு சிரித்தார்.

"கோயில் கொடியா? எனக்க வீடு அமரவிளையிலயாக்கும். எங்க வீட்டிலயும் இது உண்டு. முதல் காயை ஆம்பிளதானே கொண்டு போவணும்? அன்னைக்கு நானும் வாறேன்."

அவர் மிரட்டியிருந்தால்கூட நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். எங்கள் ஆளாகவே பேசினார். அன்றிலிருந்து சாயங்காலம் தவறாமல் சைக்கிளில் வந்து வேலிக்கு வெளியே நிற்பார். மற்றக் கொடிகளில் ஒரு காயைப் பறித்துப் பச்சையாகவே மென்றுகொண்டு, தரையில் கிடந்த கொடியைப் பார்த்துவிட்டுப் போவார். அவர் மெல்லும் சத்தம் அடுக்களை வரை கேட்பதுபோல எனக்கு இருக்கும்.

கொடி பூத்தது. வெளிறிய ஊதா நிறத்தில் அவ்வளவு அழகான பூ. அது காய்த்தால் என் கணவர் வருவார். அவர் வந்தால் அடித்தே கொன்றுவிடுவார்கள். காலையில் மாமி ஜெபத்துக்கு உட்காரும் நேரம் பார்த்து, ஒவ்வொரு பூவாகக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டேன். மாமிக்குத் தெரிந்தால் வீட்டை விட்டே துரத்துவாள் என்றுதான் நினைத்தேன். தினமும் அதே வேலை. மழை பெய்த காலைகளிலும் விடவில்லை.

ஒரு நாள் கிள்ளிவிட்டு நிமிர்ந்தபோது மாமி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் குனிந்து, இலைகளை விலக்கி, அடியில் ஒளிந்திருந்த இரண்டு பூக்களைக் கிள்ளினாள். அவள் மடியிலும் வாடிய பூக்கள் இருந்தன.

"அடியில உள்ளதை நீ பாக்கவே மாட்ட, மக்கா," என்றாள். "தெனமும் விட்டுட்டுப் போற."

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வெறுங்கையோடு கோயிலுக்குப் போனோம். போலீஸ்காரர் வெள்ளை வேட்டியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து எங்கள் கைகளைப் பார்த்தார். மாமி நிமிர்ந்தே நடந்தாள்.

வெயில் காலம் வந்ததும் கொடி காய்ந்தது. அவர் பிடிபடவில்லை. அதற்காக நான் அழுது ஸ்தோத்திரம் சொன்னேன். பிறகுதான் உறைத்தது: அவரை வீட்டுக்கு வரச் சொல்ல எங்களிடம் இருந்தது அந்தக் கொடி ஒன்றுதான்.

அடுத்த மழைக்கு மாமி அதே இடத்தில் விதை ஊன்றினாள். சாயங்காலம் வேலிக்கு வெளியே சைக்கிள் வந்து நின்றது.