தூக்கும் குழுவில் நேசமணி

நேசமணி ஸ்ட்ரெச்சரின் நாடாக்களைக் கட்டிக்கொண்டிருந்தார். வலக்கை முடிச்சுப் போட்டது. இடக்கை நாடாவைப் பிடிக்காமல் மணிக்கட்டால் அழுத்திக்கொண்டிருந்தது. மூன்றாவது நாடாவைப் பல்லால் கடித்து இழுத்தார்.

“இடது கைக்கு என்ன?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்லக்கா. ரப்பரு வெட்டுன கையாக்கும். கொஞ்சம் மரத்துக் கெடக்கு.”

வெள்ளறடையில் ரப்பர் வெட்டும் நேசமணிக்கு ஐம்பத்தேழு வயது. எங்கள் ஊர் விளையாட்டு அறக்கட்டளையைத் தொடங்கியவர் அவர். அதற்குக் காரணம் மோகனன். இருபது வருடத்துக்கு முன்பு சர்ச் மைதானத்தில் கபடி ஆடும்போது மோகனன் தலைகுப்புற விழுந்தான். இருபத்தெட்டு வயது. விழுந்தவனை உடனே எழுப்பி நிறுத்தி, முகத்தில் சோடா தெளிப்பதுதான் அப்போது இங்கே வழக்கம். கூட ஆடிய நேசமணி அவனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, ஆட்டோவில் உட்கார வைத்து நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கழுத்தில் எலும்பு முறிந்திருந்தது. தண்டுவடம் விழுந்ததில் போனதா, தூக்கியதில் போனதா என்று யாரும் சொல்லவில்லை. நேசமணி கேட்கவுமில்லை.

மோகனன் ஒன்பது வருடம் படுத்துக் கிடந்து இறந்தான். அவனைப் புரட்டிப் படுக்கவைக்கப் போன நர்ஸ் நான். ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் நேசமணி வந்து கால்களைப் பிடித்துக்கொடுப்பார். அடக்கம் முடிந்த வாரம் என்னிடம் வந்தார்.

“விழுந்தவன எப்பிடி எடுக்கணும்னு சொல்லித்தாங்கக்கா.”

அப்படித்தான் அறக்கட்டளையும், களத்தில் அடிபட்டவர்களைத் தூக்கும் இந்தக் குழுவும் உருவாயின. ஒற்றசேகரமங்கலம், ஆரியங்கோடு என்று எங்கே போட்டி நடந்தாலும் கூலியில்லாமல் போய் நிற்போம். இந்த வருடம் தலைநகரில் பெரிய விளையாட்டு விழா. கபடிக்கும் வாலிபாலுக்கும் தூக்கும் குழுக்கள் வேண்டியிருந்தன. நகரத்து நிறுவனங்கள் ஆம்புலன்சுகளோடு வந்தன. அமைப்பாளர்கள் ஓர் ஆளைத் தரையில் படுக்கவைத்து, கழுத்து அசையாமல் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். இரண்டு ஒப்பந்தமும் எங்களுக்கே கிடைத்தன. ஒரு நிபந்தனை. தூக்குகிற ஒவ்வொருவரும் உடல் தகுதித் தேர்வில் தேறி, பயிற்சியாளர் கையெழுத்துப் போட வேண்டும். பயிற்சியாளர் நான்.

நேசமணிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தக் கபடிக் களத்தின் கோட்டருகே அவர் ஸ்ட்ரெச்சரோடு நிற்க வேண்டும்.

தேர்வுக்கு எண்பது கிலோ மணல்மூட்டை. அதை ஸ்ட்ரெச்சரில் வைத்து நான்கு பேர் நூறு மீட்டர் சுமக்க வேண்டும், நான்கு முறை. நேசமணி தலைமாட்டில் வலப்பக்கம், கைப்பிடி இடக்கையில். மூன்று முறை ஒழுங்காகப் போனது. நான்காவது முறை பாதி தூரத்தில் அந்த மூலை சரிந்தது. அருகே பிடித்திருந்த எங்கள் குழுப் பெண் ஷிஜா முழங்காலைக் கொடுத்தும் நிற்கவில்லை. மூட்டையின் தலைப்பக்கம் தரையில் மோதியது.

“கல்லு தட்டிச்சாக்கும்” என்றான் முன்னால் பிடித்திருந்த சஜு. அங்கே கல் எதுவும் இல்லை.

நேசமணி என்னைத் தனியே கூப்பிட்டார்.

“கையெழுத்து போடுங்கக்கா. மருந்து எடுத்துக்கிடுதேன்.”

“எத்தன மாசமாட்டு மரத்துக் கெடக்கு?”

“ஏழு.”

“மோகனன தூக்குன அன்னைக்கு என்ன ஆகும்னு ஒனக்குத் தெரியாது, நேசமணி. இப்போ தெரியும்.”

அவர் பெயருக்கு எதிரே ‘தகுதி இல்லை’ என்று எழுதினேன். வாசித்தார். தாளைத் திருப்பித் தரும்போது, “ஷிஜாவ தலைக்கு நிறுத்துங்க. அவளுக்குப் பிடி உண்டு” என்றார். நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அவர் வரமாட்டார் என்று நினைத்துத்தான் பயிற்சியைத் தொடங்கினேன். ரப்பர் வெட்டு முடித்து எட்டு மணிக்கு வந்தார். மணல்மூட்டையை ஓரமாகப் போடச் சொன்னார். பிறகு தரையில் மல்லாந்து படுத்தார்.

“எலே சஜு, என்னைத் தூக்கு.”

ஷிஜா இரண்டு கைகளாலும் அவர் தலையைப் பிடித்தாள்.

“காதை அடைக்காத மக்கா. விழுந்தவனுக்கு நீ பேசுதது கேக்கணும். எலே, இடுப்புக்கு அடியில கைய விடு. இன்னும் உள்ள.”

“மூட்டைக்கு இத்தன வாய் கெடையாது அண்ணே” என்றான் சஜு.

“மூட்டைக்கு வலிக்காதுலே.”

ஷிஜா எண்ணினாள். தூக்கினார்கள். இடுப்பு முந்திவிட்டது, இறக்கு என்றார். இறக்கினார்கள். பத்து மணிவரை பதினான்கு முறை அவரைத் தூக்கி இறக்கினார்கள்.