எஸ்தர் அக்காவின் ஆல்டோ

எஸ்தர் அக்காவின் பாட்டுக் குரலை அழித்தவன் நான்.

அவருடைய கணவர் ஞானராஜ் அண்ணாச்சி அல்ல. அவர்தான் அழித்தார் என்று சபையில் எல்லோரும் நம்புகிறார்கள். அவர் பெற்ற மகளும் நம்புகிறாள். அவரும் அப்படியேதான் நம்புகிறார். உண்மை எனக்கு மட்டும்தான் தெரியும்... இப்போது உங்களுக்கும் தெரியும்.

நீங்கள் யாரோ, நான் யாரோ. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஒரே கன்டெய்னர் எண் இரண்டு இடத்தில் பதிவாகிவிட்டதா என்று தேடித் தேடி நீக்குவது என் வேலையில் பாதி. அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. என் கம்ப்யூட்டரில் ஒரு பாட்டுகூட இரண்டு தடவை இருக்காது. பாட்டின் பெயர், பாடியவர் பெயர், வந்த வருஷம் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும்.

"பாட்டைக் கேக்கதுக்கு வச்சிருக்கீங்களா, அடுக்குததுக்கு வச்சிருக்கீங்களா?" என்று என் மனைவி கேலி செய்வாள்.

அடுக்குவதற்குத்தான்! நான் ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை கேட்டு வருஷக்கணக்காகிறது. இரண்டு நொடி கேட்பேன், இன்ன பாட்டு என்று தெரிந்துவிடும், பெயர் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

எங்கள் சபையின் பாடகர் குழுவில் நான் டெனர் பாடுகிறேன். எஸ்தர் அக்கா ஆல்டோ பாடினார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரே பாட்டை நான்கு குரல்கள் நான்கு விதமாகப் பாடும். பெண்களில் மேல் குரல் சொப்ரானோ, கீழ்க் குரல் ஆல்டோ. ஆண்களில் டெனர், பாஸ். கேட்கிறவர்கள் காதில் நிற்பது சொப்ரானோதான். ஆல்டோவைத் தனியாக யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் அது இல்லாத அன்று, பாட்டில் எதுவோ குறைகிறதே என்று எல்லோரும் சொல்வார்கள்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கொயர் மாஸ்டர் ஒவ்வொரு பாட்டுக்கும் கீபோர்டு வாசித்துப் பதிவு செய்து தருவார். அந்த ஒரே இசையின் மேல் ஒவ்வொரு குரலுக்கும் ஒருவர் தனியாகப் பாடி வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அதைக் கேட்டு மற்றவர்கள் பழகிக்கொள்வோம். பண்டிகை முடிந்ததும், போனில் இடம் அடைக்கிறது என்று அழித்துவிடுவோம்.

ஆல்டோவைப் பாடி அனுப்புகிறவர் எஸ்தர் அக்கா. எப்போதும் அவர்தான் கடைசி. மற்ற மூன்று குரல்களையும் கேட்டுப் பார்த்துவிட்டு, அவற்றோடு பொருந்துகிறதா என்று சரிபார்த்துத்தான் பாடுவார். பாட்டு முடிந்த பிறகும் பதிவை நிறுத்தமாட்டார். "ஏளா, ரெண்டாவது வரியில நடுவுல மூச்சு விடாதீங்க. சேத்துப் பாடுங்க" என்று ஆல்டோப் பெண்களுக்கு ஒரு புத்திமதி வரும்.

எல்லோரும் அழித்தோம். அவர் மட்டும் அழிக்கவில்லை. நான்கு குரல்களையும் வருஷாவருஷம் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்தார். அவர் தனியாகப் பாடியது இந்த உலகத்தில் அங்கே மட்டும்தான் இருந்தது. மற்ற பதிவுகளிலெல்லாம் அவர் கூட்டத்தோடு கூட்டமாகக் கரைந்திருப்பார்.

பிறகு அவருக்குப் புற்றுநோய் வந்தது. போய்விட்டார்.

அண்ணாச்சி துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் பெனிட்டா மஸ்கட்டில் நர்ஸ். அக்காவின் போனை அண்ணாச்சி ஒரு சொந்தக்காரப் பெண்ணுக்குக் கொடுத்தார்; அதிலிருந்ததையெல்லாம் கடையில் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தார். அவருக்கு அப்போது கவலையில்லை. பாட்டெல்லாம் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறதே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் நகரவே மாட்டேன் என்கிறது, ஒரே பாட்டு பத்து இடத்தில் கிடக்கிறது, எஸ்தர் பாடியது எது என்று தேடிப் பிடிக்க முடியவில்லை, நீதான் இதில் கெட்டிக்காரனாமே, கொஞ்சம் ஒழுங்குபடுத்திக் கொடு என்றார்.

கவனியுங்கள்... அக்காவின் குரலைக் கண்டுபிடிக்கத்தான் அவர் என்னைக் கூப்பிட்டார்.

நான் போய் உட்கார்ந்தேன். அண்ணாச்சி தட்டு நிறைய மக்ரூன் கொண்டுவந்து வைத்தார். பாட்டுகளின் பெயர்கள் வெறும் எண்களாக இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து இரண்டு நொடி கேட்டேன். கீபோர்டு முன்னிசை வரும். பாட்டு தெரிந்துவிடும். பெயர் வைத்தேன், அடுத்ததற்குப் போனேன். நான்கு குரலுக்கும் முன்னிசை ஒன்றுதானே? நான்கிற்கும் ஒரே பெயர் வைத்தேன்!

அதன் பிறகு, இரட்டிப்பைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை ஓடவிட்டேன். ஒரே பெயர், ஏறக்குறைய ஒரே நீளம். நான்கு நான்காகக் கொண்டுவந்து நிறுத்தியது. 'எஸ்தர் அக்கா எதையும் நான்கு தடவை சேமிப்பார் போல' என்று உள்ளுக்குள் சிரித்தேன். நான் டெனர் பாடுகிறவன். நான்கு என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டாமா? ஒரே ஒரு பாட்டை, ஒரே ஒரு வரி, கேட்டிருக்கக் கூடாதா?

முதலில் வந்தது மூலம், பின்னால் வந்ததெல்லாம் நகல். இது என் விதி. முதலாவதை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினேன். எப்போதும் கடைசியாகப் பாடி அனுப்பியவர் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அக்கா நகல் எடுத்து வைத்திருந்த பென் டிரைவையும் அப்படியே சுத்தம் செய்தேன். அரைகுறையாக எதையும் விடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அண்ணாச்சி வந்து எட்டிப் பார்த்தார். கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சில மாதங்களில் பெனிட்டாவுக்குத் திருமணம் நிச்சயமானது. அக்காவின் சொந்த ஊரான சாத்தான்குளத்துக் கோயிலில் திருமணம். மணமக்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் நேரத்தில் பாடகர் குழு பாடும். அப்போது அம்மாவின் ஆல்டோ மட்டும் ஒலிபெருக்கியில் வர வேண்டும், மற்ற மூன்று குரல்களும் அதோடு சேர்ந்து பாட வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டிருந்தாள். அண்ணாச்சி அப்போதுதான் கம்ப்யூட்டரில் தேடியிருக்கிறார்.

நான் அலுவலகத்தில் இருந்தேன். போன் வந்தது.

"தம்பி, எஸ்தர் பாடுனது ஒண்ணுகூட இல்லையே. எதைத் தொறந்தாலும் வேற ஆளுதான் பாடுதாங்க."

அந்த நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. சொல்லிவிடத்தான் நினைத்தேன்... சத்தியமாக நினைத்தேன். அதற்குள் அவரே பேசினார்.

"நீ சரிபண்ணிக் குடுத்த பெறவு நான் ஒருநா பென் டிரைவுல ஏத்தப் பாத்தேன். எதையோ அமுக்கிட்டேன் போல. நாந்தான் அழிச்சிட்டனோ?"

"இருக்கலாம் அண்ணாச்சி" என்றேன்.

ஒரே வார்த்தை! குரலை அழித்தது கவனக்குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மன்னிப்பு உண்டு. மனைவியை இழந்த மனிதனின் தலையில் அதைத் தூக்கி வைத்தேனே, அது எதில் சேரும்? அவர் எனக்குக் கதவைத் திறந்துவைத்தார். நான் அதன் வழியாகத் தப்பித்து வந்துவிட்டேன்.

மறுநாள் கம்ப்யூட்டர் பெட்டியை ஒரு துண்டில் சுற்றி, ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு, அண்ணாச்சி என் வீட்டுக்கே வந்தார். எப்படியாவது மீட்டுக் கொடு என்றார். அழித்ததை மீட்கும் வழிகள் எல்லாவற்றையும் முயன்றேன். ஆல்டோப் பெண்களிடம் கேட்டேன், யாரிடமும் இல்லை. அக்கா பக்கத்தில் நின்றே பழகிவிட்டோம், பதிவை எதற்கு வைத்திருக்கப் போகிறோம் என்றார்கள்.

கடைசியில் ஒன்று கிடைத்தது. முழுப் பாட்டல்ல. ஒரு துணுக்கு. கீபோர்டு முன்னிசை வருகிறது, முடிகிறது. எஸ்தர் அக்கா பாடுவதற்காக மூச்சை இழுக்கிறார்... அவ்வளவுதான். அதற்குமேல் வெறும் இரைச்சல்.

அதை நான் அண்ணாச்சியிடம் கொடுக்கவில்லை. எதுவும் கிடைக்கவில்லை என்று சொன்னேன்.

ஏன்? அந்த மூச்சைக் கேட்டால் அவர் தாங்கமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரக்கமாம்! அழிக்கப்பட்ட நாள் எது என்று மீட்புப் பட்டியல் காட்டியது. நான் அவர் வீட்டில் உட்கார்ந்து மக்ரூன் தின்ற நாள். மாப்பிள்ளை கம்ப்யூட்டர் படித்தவர். ஒன்றைக் கொடுத்தால், இது எங்கிருந்து எப்படி வந்தது என்று தோண்டுவாரோ என்று பயந்தேன். பயந்தது மட்டும்தான் உண்மை.

அண்ணாச்சி பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு என் தோளைத் தட்டினார். "நீ என்ன செய்வ தம்பி. நான் பண்ணுன காரியம்லா" என்றார்.

திருமணத்துக்கு நாங்கள் வேனில் போனோம். ஆழ்வார்திருநகரி தாண்டியதும் மற்றவர்கள் பாட்டைப் பழகத் தொடங்கினார்கள். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. கோயிலில் மணமக்கள் கையெழுத்துப் போட்டபோது குழு பாடியது. அக்காவின் ஆல்டோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. என் காதில் அது மட்டும்தான் விழுந்தது. அண்ணாச்சி முதல் வரிசையில் தலை குனிந்து நின்றார்.

விருந்தில் பெனிட்டா என் பக்கத்தில் வந்தாள். நான் அவ்வளவு கஷ்டப்பட்டு மீட்கப் பார்த்ததற்கு நன்றி சொன்னாள். எனக்கு நன்றி!

"அம்மா பாடுனதுன்னு அது ஒண்ணுதான் இருந்துச்சு மாமா. அதையும் அப்பா அழிச்சிட்டாவ" என்றாள். அவளுக்கு அதில் கோபம்கூட இல்லை. அழுது முடித்துவிட்ட குரல். என் இலையில் பிரியாணி அப்படியே இருந்தது.

இப்போது மகள் மஸ்கட்டிலிருந்து அழைப்பது குறைந்துவிட்டது. அண்ணாச்சி அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுவதே இல்லை. அதன்மேல் பழைய படுக்கை விரிப்பைப் போட்டு மூடிவிட்டார். ஆனால் பாடகர் குழு பழகும் நாளில் தவறாமல் வருகிறார். பாடத் தெரியாதவர். கடைசி பெஞ்சில், ஆல்டோப் பெண்கள் நிற்கும் பக்கமாக உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறார்.

போன வாரம் பழகி முடித்து வெளியே வரும்போது என்னோடு நடந்தார். "பெனிட்டா மனசு இன்னும் ஆறலை போல தம்பி. நியாயம்தான" என்றார்.

நான் நின்றேன். சொல்ல வாயெடுத்தேன். பிறகு, வாருங்கள் அண்ணாச்சி, டீ குடிக்கலாம் என்று கூட்டிக்கொண்டு போனேன். டீக்கு அவர்தான் காசு கொடுத்தார்.

என் கம்ப்யூட்டரில் ஒரு பாட்டுகூட இரண்டு தடவை இருக்காது என்று தொடக்கத்தில் சொன்னேன். அது பொய். அந்தத் துணுக்கு இருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில், போனில், பென் டிரைவில், அலுவலகக் கம்ப்யூட்டரில் என்று நகல் எடுத்து எடுத்து வைத்திருக்கிறேன். அழிந்துவிடுமோ என்ற பயத்தில் வாரம் தவறாமல் ஒவ்வொன்றையும் திறந்து, முதலிலிருந்து கடைசிவரை கேட்கிறேன்.

எல்லாவற்றிலும் எஸ்தர் அக்கா மூச்சை இழுக்கிறார். ஒன்றிலும் பாடவில்லை.