பதினொரு மஞ்சள் புள்ளிகள்: தெலுக் இந்தான் பக்கம் ஒரு கல்லறைப் பயணம்

கல்லறைத் திருநாளுக்கு அம்மாவின் குழிமேட்டைச் சுத்தம் செய்ய, வருடம் தவறாமல் போய்விடுவேன். இந்த வருடமும் நவம்பர் இரண்டாம் தேதி காலை 6.30க்கு ஈப்போவிலிருந்து காரில் கிளம்பினேன். முப்பது மலேசிய வெள்ளிக்குப் பெட்ரோல் போட்டால் போய் வரப் போதும். கோப்பெங்கில் நாசி லெமாக் சாப்பிட்டு, பீடோர் வழியாகப் போனால் 85 கிலோமீட்டர். கடைசி ஆறு கிலோமீட்டர் மண்சாலை. மழை பெய்திருந்தால் சின்னக் காரை எடுத்துப் போய்ச் சேற்றில் அவஸ்தைப்படாதீர்கள்.

கல்லறை இருக்கும் தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். என் தங்கை கணவர் அந்தோணி அங்கே மண்டோர், வேலையாட்களை மேற்பார்ப்பவர்; டிசம்பர் வரைதான் வேலை. ஒரு காலத்தில் ரப்பர் பால்மரம், இப்போது முழுக்கச் செம்பனை, எண்ணெய்ப்பனை.

8.40க்குப் போய்ச் சேர்ந்தேன். மண்வெட்டியை எடுத்துப் புல்லில் கை வைக்கும்போதே அந்தோணி ஓடி வந்தார், கையில் ஒரு டேப்லெட்.

"நிறுத்து மச்சான். மொதல்ல இதப் பாரு."

மாதம் ஒருமுறை ட்ரோன் பறந்து படம் எடுக்கிறது. செயற்கை நுண்ணறிவு அந்தப் படத்தைப் பார்த்து, எங்கே என்ன செய்யவேண்டும் என்று புள்ளி வைத்துவிடுகிறது. பச்சை என்றால் மரம். மஞ்சள் என்றால் காலி இடம், கன்று நடவேண்டும். திரையில் ஓரிடத்தில் பதினொரு மஞ்சள் புள்ளிகள்.

"இது எந்த எடம்?"

"நாம நிக்கிற எடம்லா. பதினொரு குழிமேட்டு மேலயும் புள்ளி."

சுற்றிலும் பார்த்தேன். அம்மாவின் காலடியிலிருந்து பத்து எட்டு வைத்தால், முழங்கால் ஆழத்துக்குப் புதிதாக ஒரு குழி. பக்கத்தில் செம்பனைக் கன்று. குத்தகை ஆள் போன் குத்துமதிப்பாகக் காட்டிய இடத்தில் தோண்டியிருக்கிறார், பாவம் அவருக்கு என்ன தெரியும். நல்லவேளை, அதற்கு அடியில் யாரும் இல்லை.

"மேனேஜர்கிட்ட சொல்லலயா?"

"சொன்னேன். நல்ல மனுசன்தான். நான் சொல்றதயும் நம்புறார், அது சொல்றதயும் நம்புறார். நானும் மாசா மாசம் புள்ளிய அழிக்கிறேன், அது மறுபடி வைக்குது. நான் போயிட்டா யாரு அழிப்பா?"

"முன்ன இப்படி வைக்கலயே?"

"லாலாங் புல்லு மண்டிக் கெடந்தப்ப ஒன்னும் வைக்கல. நீங்கல்லாம் வருசா வருசம் வந்து வேரோட பளிச்சுனு சொரண்டிட்டுப் போறீங்க, இப்ப அங்கொன்னு இங்கொன்னுதான் புல்லு. மேலேர்ந்து பார்த்தா அதுக்கு வெறும் மண்ணு. மரச் சிலுவையெல்லாம் அதுக்குத் தெரியாது மச்சான்."

நாங்கள் பாசத்தோடு செய்த வேலையே வினையாகிவிட்டது. நானும் கணினியோடு பிழைப்பவன்தான், இதையெல்லாம் முன்னேற்றம் என்று மேடையில் பேசியவன். அன்றைக்கு மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

குழிமேட்டில் சிமெந்து பூசினால் அது கட்டடம் என்று நினைத்துப் புள்ளி வைக்காமல் விட்டுவிடும் என்றார் அந்தோணி. அம்மா முப்பது வருடம் பால் வாளி சுமந்தவர். சாகும்போது, "எம்மேல பாரம் ஏத்தாதீங்கடா, மண்ணு போதும்" என்று கேட்டுக்கொண்டார். அடுத்த ட்ரோன் வியாழக்கிழமை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. தெலுக் இந்தான் போய் நான்கு மூட்டை வாங்கி வந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பூசினேன். அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

இந்தத் தோட்டத்துக் கல்லறைக்குப் போகிறவர்களுக்கு: அந்தோணி வேலையில் இருக்கும்போதே, டிசம்பருக்குள் போய்விடுங்கள். சிமெந்து, தண்ணீர், கரண்டி எல்லாம் காரிலேயே இருக்கட்டும். தோட்டத்தில் எதுவும் கிடைக்காது. இலைதழையால் மூடி ஏமாற்றலாம் என்று நினைக்காதீர்கள், காய்ந்ததும் காற்று கொண்டுபோய்விடும்.

வெள்ளிக்கிழமை காலை அந்தோணி கூப்பிட்டார்.

"அம்மா புள்ளி போயிருச்சு மச்சான். மத்த பத்தும் இருக்கு. அவுங்க வீட்டு ஆளுங்க நம்பர் உங்கிட்ட இருக்கா?"

என்னிடம் ஒருவர் நம்பரும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.