மீசை முறுக்கிய சித்தி

ஏழாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு இங்கிலீஷ் வரவே வராது என்று சொல்லிவிட முடியாது. வந்தது, ஆனால் ஜோடி ஜோடியாக வந்தது. பாரோ என்றால் கடன் வாங்குவதா, கொடுப்பதா? லெண்ட் என்றால்? ஒன்றைக் கூப்பிட்டால் இன்னொன்றும் கூடவே ஓடிவந்து நின்றுகொண்டு, நான்தான் நான்தான் என்று அடம்பிடிக்கும்.

இப்படிக் குழப்புகிற வார்த்தைகளுக்கென்றே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு போட்டி வைப்பதாக ஒருநாள் பள்ளிக்கூடத்தில் அறிவித்தார்கள். ஜெயித்தால் அடுத்த சுற்றுக்குச் சென்னைக்கு ரயிலில் கூட்டிப்போவார்கள் என்றார் டீச்சர். மற்றதெல்லாம் என் காதில் ஏறவில்லை. ராஜபாளையம் ஸ்டேஷனில் சென்னை ரயிலுக்கு எத்தனையோ தடவை கையசைத்திருக்கிறேன். எனக்கு யாரும் அசைத்ததில்லை. முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டேன்.

கொடுத்த பிறகுதான் ஜோடிகளின் ஞாபகம் வந்தது. வார்த்தைகளை உருப்போட்டேன். ராத்திரி சரியாக இருந்த ஜோடி காலையில் இடம் மாறி உட்கார்ந்திருந்தது. அழுதேன்.

அம்மாவும் சித்தியும் ஒரே ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தார்கள். மில்லுக்குள் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லாருக்கும் கைதான் வாய். நூல் அறுந்தால் ஒரு சாடை, டீக்கு ஒரு சாடை. சூப்பர்வைசர் வந்தால் மீசையை முறுக்க வேண்டும். அப்போதிருந்த சூப்பர்வைசருக்கு மீசையே கிடையாது. முன்பு எப்போதோ இருந்தவரின் மீசை அது. ஆள் போன பிறகும் மீசை மட்டும் மில்லிலேயே தங்கிவிட்டது.

"ஏட்டி, அழுகையை நிறுத்து. அந்தப் பாரோ, லெண்டு ரெண்டுக்கும் அர்த்தத்தை மட்டும் சொல்லு" என்றாள் அம்மா.

சொன்னேன். உள்ளங்கையை நெஞ்சுக்கு இழுத்தாள். பாரோ. நெஞ்சிலிருந்து வெளியே தள்ளினாள். லெண்ட்.

"இனிமே வாயால படிக்காத. கையால படி."

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம்! அக்செப்ட்டுக்கு இரண்டு கையையும் சேர்த்துத் திருநீறு வாங்குவதுபோல நீட்டினோம். எக்செப்ட்டுக்கு நாலு விரலை விரித்துக் கட்டைவிரலை மட்டும் மடக்கினோம். தன் நெற்றியைத் தொட்டால் ரிமெம்பர், அடுத்தவர் தோளைத் தட்டினால் ரிமைண்ட். ஹியரும் லிசனும் மட்டும் பிடிபடாமல் ஆட்டம் காட்டின. சித்திதான் அதற்கு வழி கண்டுபிடித்தாள்.

"மெஷின் சத்தம் அது பாட்டுக்கு வந்து காதுல விழுதுல்ல, அது ஹியர். பேரிங் போயிருச்சான்னு நாமளா காதைக் குடுத்துக் கேக்கோம்ல, அது லிசன்" என்று, முதலாவதற்குக் காதோரம் கையை வீசினாள், இரண்டாவதற்குக் காதை மடித்துச் சாய்ந்தாள்.

தினமும் ஒரு ஜோடியை அம்மா மில்லுக்குக் கொண்டுபோவாள். திரும்பி வரும்போது அதற்குச் சாடை தயாராக இருக்கும். "நாளைக்கு ரெண்டு ஜோடியாக் குடுட்டி. ஒண்ணு ஒரு ஷிப்டுக்குப் பத்தலை" என்று ஒருநாள் சித்தி கேட்டாள். என்மேல் இவர்களுக்கு எம்புட்டுப் பாசம் என்று நான் பூரித்துப்போனேன்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். அம்மாவும் சித்தியும் மட்டுமில்லை, அவர்களுடைய லைனில் வேலை பார்க்கிற அக்காமார் அத்தனை பேரும் பட்டுப்புடவையில் பஸ் ஏறிவிட்டார்கள். மூன்றாவது வரிசை முழுக்க எங்கள் மில்தான்.

நடுவர் கண்ணாடி போட்ட ஒல்லியான சார். ஒரு சூழ்நிலையைத் தமிழில் சொல்லி, இரண்டு வார்த்தைகளையும் சொல்வார். எது பொருந்தும் என்று நாங்கள் சொல்ல வேண்டும். ஒவ்வொருவராகக் கழன்று, கடைசியில் நானும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன் ஒருவனும் மிஞ்சினோம். அவன் கழுத்தில் டை இருந்தது. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. ஆனாலும் அது நன்றாக இருந்தது!

"பக்கத்து வீட்டில் இஸ்திரிப் பெட்டி கேட்டு வாங்கி வருகிறாய். பாரோவா, லெண்டா?"

என் கை நெஞ்சுக்குப் போனது. "பாரோ!"

மூன்றாவது வரிசையில் எல்லாக் கைகளும் எனக்கு முன்பே நெஞ்சுக்குப் போயிருந்தன. நடுவர் அதைப் பார்த்துவிட்டார். மைக்கை வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி அவர்களை நோக்கி நடந்தார்.

சித்தி அவர் வருவதைக் கண்டாள். யோசிக்கவெல்லாம் இல்லை. கை தானாகப் போய் மேலுதட்டில் மீசையை முறுக்கியது. அம்புட்டுத்தான். அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் மடிக்குள் விழுந்தன. அத்தனை முகங்களும் ஒன்றுமே அறியாத முகங்களாயின. ஒரு அக்கா பழக்கதோஷத்தில், இல்லாத பஞ்சைப் பட்டுப்புடவையிலிருந்து தட்டிவிட்டாள். அதுவரை சந்தேகம்தான் பட்டிருந்த நடுவருக்கு இப்போது சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

"பிள்ளைக்குச் சைகையில விடை சொல்றீங்களாம்மா?"

மண்டபம் சலசலத்தது. "அந்தப் பொண்ணை வெளியே அனுப்புங்க சார்" என்று டைக்காரனின் அப்பா எழுந்தார். சென்னை ரயில் என்னை விட்டுவிட்டுக் கிளம்புவது கண்ணுக்குத் தெரிந்தது.

அம்மா எழுந்து நின்றாள்.

"அவளுக்குச் சொல்லலை சார். அவ கை அவளுக்கு, எங்க கை எங்களுக்கு. நாங்களும் போட்டியில இருக்கோம்னு வச்சிக்கிடுங்க."

மண்டபமே சிரித்தது. நடுவர் நம்பவில்லை, ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, பிள்ளை திரும்பி நிக்கட்டும்" என்றார்.

சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். முதலில் பையனுக்குக் கேள்வி. நாளைக்குப் பரீட்சை என்று அம்மா உனக்கு ஞாபகப்படுத்துகிறாள், ரிமெம்பரா ரிமைண்டா? அவன் அவசரப்பட்டு "ரிமெம்பர்" என்றான். என் கை என்னையறியாமல் காற்றில் யாருடைய தோளையோ தட்டிக்கொண்டிருந்தது.

"தெருவில் ஸ்பீக்கர் அலறுகிறது. வேண்டாமென்றாலும் காதில் விழுகிறது. ஹியரா, லிசனா?"

கண்ணை மூடினேன். மெஷின்கள் ஓடின. காதோரம் கையை வீசினேன்.

"ஹியர்!"

நடுவர் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து சித்தியின் குரல் மண்டபத்தைத் தூக்கியது. "நான் சொன்னேம்லா! ஹியர்தான்!"

ஜெயித்துவிட்டேன்! சென்னை ரயில்!

திரும்பும் பஸ்ஸில் பரிசுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாரும் என்னைக் கொஞ்சுவார்கள் என்று காத்திருந்தேன். கொஞ்சினார்கள்தான், செத்த நேரம். பொறவு பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு அவர்களுக்குள் ஒரே சண்டை.

"நீ லிசனுக்குல்லா காதை மடிச்ச? நான் பாத்தேன்."

"பொய் சொல்லாத மதினி, நான் காதைச் சொறிஞ்சேன்."

"எக்செப்ட்டையும் தப்பாத்தான் காட்டுன. பால்கோவா உனக்குக் கிடையாது போ."

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்கள். அம்மாவின் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. அவளுக்கு ஒரு விடைகூடத் தப்பவில்லையாம், சித்தி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

எனக்கு அதிலெல்லாம் அக்கறையில்லை. அம்மாவின் காதருகே போய், "எப்படிம்மா டக்குன்னு அப்படி ஒரு பொய் சொன்ன?" என்று கேட்டேன்.

அம்மா என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். "எந்தப் பொய்?" என்றாள்.

அதையும் எவ்வளவு அழகாக நடிக்கிறாள் என்று நினைத்துப் பெருமையோடு அவள் தோளில் சாய்ந்துகொண்டேன்.