கங்கிராஜுலேஷனுக்கு எதுகை

தேனியிலிருந்து கம்பம் போகும் பேருந்தில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். மீசைக்கு மட்டும் மை அடித்திருந்தார். வாய்க்குள் எதையோ முணுமுணுப்பதும் முன்இருக்கைக் கம்பியில் விரலால் தாளம் தட்டுவதுமாக வந்தவர், சின்னமனூர் தாண்டியதும் என்னிடம் திரும்பினார்.

“தம்பி, கங்கிராஜுலேஷனுக்கு எதுகையா இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை சொல்லுங்க. அக்கா மகன் கல்யாணம், நாந்தேன் வாழ்த்துப்பா வாசிக்கணும். பொண்ணு வீட்ல எல்லாரும் இங்கிலீஷ்லதேன் பேசுவாக.”

“ஸ்டேஷன், ரேஷன்” என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. “ரெண்டாவது எழுத்துல்ல பொருந்தணும்? இதுக்கு ‘ங்’ வேணுமே.”

“இங்கிலீஷ்ல கடைசி எழுத்தைத்தான் பாப்பாக.”

“அதுக்காக, கல்யாண வீட்ல போயி ஸ்டேஷன், ரேஷன்னு பாடச் சொல்றீகளா?”

அவர் மறுபடி கம்பியைத் தட்டினார். “மங்கி” என்றார், வேண்டாமென்று அவரே தலையை ஆட்டிக்கொண்டார்.

உத்தமபாளையத்தில் இறங்கியவர், என் சன்னலுக்குக் கீழே வந்து முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். “கிடைச்சிருச்சு! கங்கிராஜுலேஷன், அங்கிள்!”

அதுவரை என்னைத் தம்பி என்றவர். அவர் கண்டுபிடித்தது எதுகையையா, என் நரையையா என்று கம்பம் வரும்வரை சன்னல் கண்ணாடியில் என் தலையையே பார்த்துக்கொண்டு போனேன்.